உங்களுக்கு விட்டுவைத்த வகுப்பறை

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை பிள்ளைகள் வந்து நின்றபோது எல்லாருடைய தலையிலும் குங்கிலியம் மணந்தது. அவர்களின் ஊரில் நேற்றோடு சடங்கு முடிந்துவிட்டது. செல்வியின் பின்னலுக்குள் சாம்பல்கூடக் கிடந்தது, தட்டிவிட்டேன். அந்த மணம் விரலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னேரம் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டி, சீனன்குடா தாண்டி, வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த பிறகும் போகவில்லை. கை கழுவ மனம் வரவில்லை. தேத்தண்ணி போடவும் மனம் வரவில்லை. அப்படியே இருந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். "பக்கத்தில இரிக்கக்க வாய் துறக்காத மனிசி, இப்ப கடிதம் எழுதுறாவாம்" என்று சொல்வீர்கள். ஓம், நான் அதிகம் கதைக்காத ஆள்தான். நீங்கள் எங்கே கதைக்க விட்டீர்கள்? மூதூர்ச் சந்தியில் நான் பஸ்ஸால் இறங்கி உங்கள் ஸ்கூட்டியில் ஏறும்போது தொடங்குகிற வாய், பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை மூடாது. பின்னால் இருந்து நான் "ஓம் டீச்சர், ஓம் டீச்சர்" என்று சொன்னால் போதும். இத்தனை வருசத்தில் நான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னைக் கூப்பிட்டதில்லை. இரண்டு பேருக்கும் டீச்சர்தான் பேர். யாராவது வெளியாள் கேட்டுக்கொண்டு நின்றால் தலை சுற்றியிருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு மாற்றம் வந்தபோது நான் அழுதேன். டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தவளைக் காட்டு ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களே என்று. ஒரே ஒரு மண்டபம், அரைச் சுவர், தகரச் சீற் கூரை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். முதல் நாளே கிறவல் ரோட்டில் யானை இலத்தியைக் கண்டு நான் நடுங்க, நீங்கள் ஸ்கூட்டியை நிறுத்தாமலே சொன்னீர்கள்: "ஆன வந்தா நான் ஓடிருவன். ஸ்கூட்டிய நீங்க பாத்துக்கங்க." நான் சிரிக்கவில்லை. நீங்கள் அந்த இடத்தைக் கேட்டு வாங்கி வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டு வாங்கினாவாம்! விசர் மனிசி என்று நினைத்தேன்.

அந்த ஊர்ச் சனம் இந்த மண்ணின் பூர்வகுடிகள். களப்பில் மீன், காட்டில் தேனும் கிழங்கும், மிஞ்சிய நாளில் மூதூர் வயல்களில் கூலி. அவர்கள் பிள்ளைகள் சந்திப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் "வேடன் வாறான்" என்று கத்துவார்கள். ஒருநாள் போன பிள்ளை மறுநாள் போகாது. அதனால் எங்கள் அரைச் சுவர்ப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. இதை எனக்கு விளங்கப்படுத்த உங்களுக்கு ஒரு பாடசாலைத் தவணை முழுக்க எடுத்தது.

செருப்பு நினைவிருக்கிறதா? செருப்பு இல்லை என்ற வெட்கத்தில் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுவிடுவார்கள். நீங்கள் ஒருநாள் வாசலில் உங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னையும் கழற்றச் சொன்னீர்கள். "கோயிலுக்குச் செருப்போடயா போற? தொழுற பள்ளிக்குச் செருப்போடயா போற? அப்ப பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்னத்துக்கு?" அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வெறுங்கால்தான். எனக்குக் குதிக்கால் வெடிப்பு. நாள் முழுக்கச் சீமெந்தில் நடந்தால் பின்னேரம் எரியும். உங்களைத் திட்டிக்கொண்டே எண்ணெய் பூசுவேன்.

தாய்மார் களப்புக்குப் போகும் நாளில் பெரிய பெண்பிள்ளைகள் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுவார்கள். "குழந்தையையும் தூக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, உங்கள் பழைய சீலையால் வகுப்பின் கூரை வளையில் தொட்டில் மாதிரி ஏணை கட்டினீர்கள். நான்காம் வகுப்புக்கு நான் பெருக்கல் சொல்லிக்கொடுக்க, பின்னால் குழந்தை வீறிடும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி சேர் ஏணையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "அது முதலாம் வகுப்புக்கு இப்பவே வந்து சேந்திட்டுது சேர், முந்தி வந்தா நல்லந்தானே" என்று நீங்கள் சொன்ன வேகத்தில் அவரும் சிரித்துவிட்டார். நான் அந்த நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்று உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை.

ஆனால் தேன் காலம்தான் பெரிய கண்டம். குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். பிள்ளைகளும் கூடவே. திரும்பி வரும்போது எழுத்தெல்லாம் மறந்திருக்கும், வெட்கப்பட்டு அப்படியே நின்றுவிடும். நான் நல்லம்மாவின் வளவில் நின்று, "பிள்ளையளின்ர வாழ்க்கையை நாசமாக்குறியள்" என்று கத்தினேன். செல்வியையும் சேர்த்து மூன்று பிள்ளைகள் அவளுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில். அவள் நிமிர்ந்து பார்த்து, "காட்டுக்குப் போகாத புள்ள எப்பிடி டீச்சர் எங்கட புள்ளையாகும்?" என்று கேட்டாள். நீங்கள் அவள் பக்கத்தில் குந்தி இருந்து, கிழங்கு சுரண்டிக்கொண்டு, அரைநாள் கதைத்தீர்கள். முடிவில் ஒரு ஒழுங்கு வந்தது: பிள்ளைகள் சனி ஞாயிறும் விடுமுறையும் காட்டுக்கு, மற்ற நாள் பள்ளிக்கூடத்துக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு வீடு காட்டுக்குப் போகாமல் நின்று மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து உலை வைக்கும். காட்டுக்குப் போனவர்கள் தேனில் ஒரு பங்கை அந்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். அந்த வருசம் பாதி வீடு கேட்டது. அடுத்த வருசம் முழு ஊரும் கேட்டது.

நோன்பு பிடித்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் பகிர்ந்து கொடுப்பீர்கள். "டீச்சர், உங்களுக்கு?" என்று அவர்கள் நீட்டினால், "எனக்குப் பொழுது படக்க" என்று சொல்வீர்கள். உங்களைப் போலவே, கையில் பழத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் பொழுது படும்வரை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு. செல்வி ஒருத்தி.

என்னைக் கண்டால் அவர்களுக்குப் பயம். உங்களைக் கண்டால் ஓடிவருவார்கள். எனக்கு அதில் எரிச்சல் இருந்தது டீச்சர். இப்போது சொன்னால் என்ன?

சித்திரை விடுமுறையில் உங்கள் மகன் போன் எடுத்து, "உம்மா மௌத்தாகிட்டா" என்றார். நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவராம், திரும்பவில்லையாம். நான் பஸ் பிடித்து வந்து சேர ஜனாஸாவை அடக்க எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் பாயில் இருந்தேன். யாரோ பிளேன்ரீ ஊற்றித் தந்தார்கள். யாருக்கும் நான் யாரென்று சரியாகத் தெரியவில்லை. "கூடப் படிப்பிச்ச டீச்சர்" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். அவ்வளவுதான். வேறு என்னவென்று சொல்வார்கள்?

தவணை தொடங்கிய நாள் சந்தியில் இறங்கினேன். ஸ்கூட்டி இல்லை. ஓட்டோக்காரர் கிறவல் ரோட்டுக்கு வரமாட்டேன் என்றார். நடந்தேன். பள்ளிக்கூடத்தைத் திறந்து, கூட்டி, தண்ணீர் வைத்து, பிள்ளைகளுக்குத் துணிவு வரட்டும் என்று உங்கள் கதிரையிலேயே போய் இருந்தேன். எல்லாம் முன்போலத்தான் நடக்கும் என்று காட்டவேண்டும் அல்லவா? பிள்ளைகள் வந்தார்கள். வேலியடியில் நின்றார்கள். உங்கள் கதிரையில் என்னைக் கண்டார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பி ஓடிவிட்டார்கள்.

அடுத்த நாள் வேலியடிக்கும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெறும் மண்டபத்தில் நான் தனியே இருந்தேன். சீற் வெயிலில் படபடவென்று சத்தம் போடும், அதுதான் துணை. ஊருக்குள் போனால் பிள்ளைகள் குடிசைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். தாய்மார் நிலத்தைப் பார்த்தார்கள். "டீச்சர் இருந்திருந்தா இப்பிடி நிப்பீங்களோ? அவ உங்களுக்காக எவ்வளவு பாடுபட்டவ!" என்று நான் வீடு வீடாகக் கேட்டேன். உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் உள்ளுக்குள் போனார்கள்.

வலயத்திலிருந்து அந்தச் சேர் வந்தார். வெறும் வகுப்பைப் பார்த்தார். "பிள்ளையள் இல்லாமப் பள்ளிக்கூடம் நடத்தேலாது டீச்சர். மாத முடிவுக்குள்ள வராட்டி மூடி, சந்திப் பள்ளிக்கூடத்தோட சேர்க்கத்தான் வேணும்" என்றார். மோசமான மனிதர் இல்லை. சொல்லும்போது ஏணை கட்டியிருந்த வளையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். சந்திப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையும் போகாது என்று எனக்குத் தெரியும். இந்த மண்டபம் மூடினால் செல்வியின் படிப்பு நான்காம் வகுப்போடு சரி. ஏணையில் கிடந்த குழந்தைக்கு அதுவும் இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது போல இருந்தது. இந்தச் சனம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, உங்களிடம்தான் வந்தது. நீங்கள் போனதும் அதுவும் போய்விட்டது. என்னிடம் வருவதற்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லை. டீச்சர், உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன மனிசியோடு கோபித்துக்கொண்டு கிறவல் ரோட்டால் அழுதுகொண்டு நடந்தேன்.

கடைசியாக ஒருமுறை நல்லம்மாவிடம் போனேன். அவள் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் கத்தவில்லை, அதற்குத் தெம்பு இல்லை. நிலத்தில் இருந்தேன்.

"நல்லம்மா, என்னில என்ன பிழை? அதையாவது சொல்லு."

"உங்கள்ள ஒரு பிழையும் இல்ல டீச்சர்." ஊசியை வலையில் குத்தி வைத்தாள். "அது அவட இடம். அதுக்குள்ள நாங்க எப்பிடிப் புள்ளையள விடுற?"

எனக்கு விளங்கவில்லை. அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். ஒரு ஆள் செத்தால் அவர் இருந்து எழும்பின இடத்தை அவருக்கே விட்டுவிடவேண்டுமாம். ஊர் கூடிச் செத்தவர்களைக் கூப்பிட்டு ஆடுகிற அடுத்த சடங்கு வரைக்கும். அதற்குள் யாரும் போய் இருக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, அந்த ஆளைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கவும் கூடாது. அவளின் மாமனார் செத்தபோது அவர்கள் குடிசையை அப்படியே விட்டுவிட்டுத் தள்ளி வேறு குடிசை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கூரை பழுதாகிவிட்டது என்று நினைத்தேன்.

"அவ மூதூரிலயல்லோ காலமானவ? அடக்கினதும் அங்கதான்."

"அங்க அவட வீடு எங்களுக்குத் தெரியாது டீச்சர். எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவ இருந்தது இஞ்சதான்."

அவர்கள் உங்களைக் கைவிட்டார்கள் என்று நான் ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர்களோ உங்களுக்கு மரியாதை செய்ய, தங்களுக்கென்று இருந்த ஒரே பள்ளிக்கூடத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நானோ உங்கள் கதிரையில் குந்தியிருந்திருக்கிறேன்.

"அப்ப பள்ளிக்கூடம் வேற இடத்தில நடந்தா?"

"அதுக்கென்ன, வருவாங்கதானே" என்றாள் நல்லம்மா, இதையெல்லாம் கேட்பதா என்பது போல.

அடுத்த நாள் விடிய வீரை மரத்துக்குக் கீழே கரும்பலகையைச் சாய்த்து வைத்தேன். நான் தனியே இழுத்துக்கொண்டு வந்தேன், முதுகு பிடித்துவிட்டது. மணி அடிக்கவில்லை, சத்தம் கூடாதல்லவா. ஒவ்வொருவராக வந்தார்கள். செல்வி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஏணையை எந்தக் கொப்பில் கட்டுவது என்று கேட்டாள். வந்த எல்லாரையும் பார்த்து நான், "ஏன் பிந்தி வாறீங்கள்?" என்று ஏசினேன். வேறென்ன செய்ய, எனக்குத் தெரிந்தது அதுதான்.

சேர் திரும்பி வந்தார். நல்ல கட்டடம் வெறுமையாகக் கிடக்க, பிள்ளைகள் மண்ணில் இருந்து எழுதுவதைப் பார்த்து, "இதென்ன டீச்சர் கூத்து?" என்றார். உங்களுக்கானால் நூறு பதில் வந்திருக்கும். எனக்கு ஒன்றும் வரவில்லை. "பிள்ளையள் வந்திருக்கினம் சேர், நீங்களே பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் பார்த்தார். மண்டபத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மூன்றாம் வகுப்பிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பள்ளிக்கூடம் மூடுகிற கதை பிறகு எழவில்லை.

தேன் காலமும் வந்து போனது. உங்கள் ஒழுங்கை நான் போய்ச் சொல்லத் தேவைப்படவில்லை, இம்முறை நல்லம்மா வீடு காட்டுக்குப் போகாமல் நின்று உலை வைத்தது.

ஆனால் வெண்கட்டி, புத்தகம், அழிப்பான் எல்லாம் மண்டபத்து அலுமாரிக்குள். அதை எடுக்கக் காலையிலும் வைக்கப் பின்னேரத்திலும் நான்தான் உள்ளே போகவேண்டும். நான் போனால் பரவாயில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது. "நீங்க அவட ஆள்தானே" என்றாள் நல்லம்மா. அதைக் கேட்டு மரத்தடியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பாடம் நடத்த முடியவில்லை. உங்கள் வீட்டுப் பாயில் யாரும் எனக்கு அப்படி ஒரு பேர் தரவில்லை.

உள்ளே போவேன். வெளியே எல்லாப் பிள்ளைகளும் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்கு ஐயமே இல்லை. உள்ளே போய்ப் பார்க்கிறவள் நான் மட்டும்தான். நீங்கள் இல்லை டீச்சர். ஒருநாளும் இல்லை. மேசையில் தூசி, கதிரையில் அணில் எச்சம். வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் சின்னதுகள் என் முகத்தைப் பார்க்கும், உங்களைச் சந்தித்துவிட்டு வருகிறேன் என்பது போல. அந்த நேரங்களில் இருந்த தனிமை உலகத்தில் வேறு யாருக்கும் வரவேண்டாம்.

இன்று காலை கரும்பலகையை இழுக்கப் போனேன். நல்லம்மா வந்து பலகையில் கை வைத்தாள். "வேணாம் டீச்சர். சடங்கு முடிஞ்சிது. இனி உள்ளயே நடத்தலாம். அவ போயிட்டா."

அவள் சொல்லி முடிக்கவில்லை, பிள்ளைகள் 'ஓ' என்று கத்திக்கொண்டு மண்டபத்துக்குள் பாய்ந்தார்கள். இத்தனை மாதம் அடக்கி வைத்த சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில். இதற்காகத்தானே நான் ஊர் முழுக்கத் திரிந்தேன்? எனக்குச் சந்தோசம் வரவில்லை. வெறும் கதிரை என்று தினம் பார்த்து வந்தவள் நான். அவ போயிட்டா என்றதும் பலகையைப் பிடித்தபடி மரத்தடியில் நின்றுவிட்டேன்.

"சடங்குக்கு அவவையும் கூப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன். இது உங்கள் மார்க்கத்துக்கு ஆகாத கதை. உங்கள் மகனுக்குச் சொல்லமாட்டேன். எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

"நாங்க கூப்பிடல்ல. அவட ஆக்களுக்குப் பிழையாப் படும் எண்டு பெரியவர் வேணாம் எண்டுட்டார். வாசல்ல ஒரு இலையில பேரீச்சம்பழம் மட்டும் வச்சம். அவவாத்தான் வந்தவ. ஆடின மனிசிட வாயில வந்து கதச்சவ."

எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?"

நல்லம்மா யோசித்தாள். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தெரியாது.

"இல்ல டீச்சர். புள்ளையள் எல்லாம் ஒழுங்கா வாறாங்களா எண்டுதான் கேட்டவ."

நான் நம்பிவிட்டேன். அந்த இடத்திலேயே, முழுதாக நம்பிவிட்டேன். வேறு என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். அத்தனை வருசம் ஸ்கூட்டியில் பின்னால் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளைகளை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நல்லம்மா பயந்துவிட்டாள்.

அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். வருகிறார்கள் டீச்சர். எல்லாரும் ஒழுங்காக வருகிறார்கள். செல்வி அடுத்த தை மாதம் ஐந்தாம் வகுப்பு.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நானும் வருகிறேன்.